சோழியும் மிதவைமானியும்: கணிக்கும் பொருள் எது என்னும் வினாவும் பேராக் தோட்டக் கணக்கும்

முன்னுரை

கணினி என்னும் சொல் தமிழில் பிறந்த நாள் முதலாகவே ஒரு பொறியைக் குறிக்கும் பெயராக வழங்கி வருகின்றது. ஆங்கிலத்தில் அதற்கு ஈடாக வழங்கும் 'கம்ப்யூட்டர்' என்னும் சொல்லின் வரலாறு வேறு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அச்சொல் பெரும்பாலும் மனிதரையே குறித்தது. வானாய்வு நிலையங்களிலும் நில அளவைத் துறைகளிலும் ஊதியம் பெற்றுக் கணக்கிட்டவர்களின் பதவிப் பெயர் அது. இந்தியாவின் பெரு முக்கோண நில அளவைத் துறையில் 1831ஆம் ஆண்டு சேர்ந்த இராதாநாத் சிக்தார் அத்தகைய ஒரு 'கம்ப்யூட்டர்'. கணிதவியலறிஞர் ஆலன் டூரிங் 1936ஆம் ஆண்டில் தம் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியபோது முன்மாதிரியாகக் கொண்டதும், தாளும் எழுதுகோலும் வைத்துக்கொண்டு விதி பிறழாமல் கணக்கிடும் ஓர் ஆளைத்தான். ஆளிடமிருந்து பொறிக்குப் பெயர் மாறியபோது ஒரு வினா விடையின்றி நின்றுவிட்டது. உலகில் உள்ள பருப்பொருள்களுள் எது கணிக்கின்றது, எது வெறுமனே இயங்குகின்றது? இவ்விரண்டையும் பிரிக்கும் எல்லை யாது?

மெய்யியல் நூல்களில் இவ்வினா சிலிக்கான் சில்லுகளையும் மூளையையும் சுற்றியே பேசப்படுகின்றது. நாம் இதனைப் பேராக் மாநிலத்தின் பழைய இரப்பர்த் தோட்டங்களிலிருந்து எழுப்ப விழைகின்றோம். கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு இரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட பின், அம்மாநிலத்தின் பொருளியலில் ஈயத்திற்கு அடுத்த இடத்தை இரப்பர் பிடித்தது. சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா வட்டாரங்களில் தமிழர் குடியேறி வாழ்ந்த தோட்டங்களின் வரலாறு இதுவரை குடியேற்றம், கூலி, வேலைநிறுத்தம், அவசரகாலம், தோட்டத் துண்டாடல் என்னும் தலைப்புகளிலேயே எழுதப்பட்டுள்ளது. அவை வேண்டிய தலைப்புகளே. எனினும், கூலி எவ்வளவு என்று எழுதியவர்கள் அக்கூலி எப்பொருளைக் கொண்டு, எவ்விதிப்படி, யார் கண்முன் கணக்கிடப்பட்டது என்பதை அரிதாகவே எழுதினர். அந்த இடைவெளியும் மேற்கூறிய மெய்யியல் வினாவும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதனைக் காட்டுதற்கு முதலில் புதுச்சேரி வரை சென்று திரும்புதல் வேண்டும்.

புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர்

ஆங்கிலப் படையில் பணியாற்றியவர் ஜான் வாரன். சென்னை வானாய்வு நிலையத்தின் பொறுப்பிலும் சில காலம் இருந்தவர். அவர் தென்னிந்தியக் காலக்கணித முறைகளைத் தொகுத்துக் 'கால சங்கலிதம்' என்னும் பெருநூலை 1825ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்டார். அந்நூலுக்காகச் செய்தி திரட்டியபோது புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரை அவர் சந்தித்தார். அக்கணிதர் வாரனின் வேண்டுகோளுக்கிணங்க ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அவரிடம் ஏடோ எழுதுகோலோ இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி வைத்தார். கூட்டியும் கழித்தும் இடம் மாற்றியும் அடுக்கினார். வேண்டிய எண்களை மனப்பாடமாக வைத்திருந்த சொற்றொடர்களிலிருந்து எடுத்துக்கொண்டார். 1825ஆம் ஆண்டு மே 31 இரவு நிகழவிருந்த கிரகணத்திற்கு அவர் கூறிய நேரத்தில் தொடக்கத்திற்கு 4 நிமிடமும், நடுவிற்கு 23 நிமிடமும், முடிவிற்கு 52 நிமிடமும் பிழை இருந்தது.

இந்நிகழ்ச்சியை உலக அறிவியல் வரலாற்றின் கவனத்திற்குக் கொண்டுவந்தவர் ஆட்டோ நியூகெபவர். 'தமிழர் வானியல்' என்னும் பொருளில் 1952ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரை, சோழி வைத்துக் கணித்த இம்முறையின் வேர்களைப் பழைய பாபிலோனியக் கணக்கு வரை தேடிச் சென்றது. நமக்கு இங்கு வேண்டியது அந்த வேர் அன்று. வாரன் போகிற போக்கில் குறித்துச் சென்ற ஒரு செய்தி. அக்கணிதருக்கு இந்திய வானியல் கோட்பாடுகளில் ஒன்றுகூடத் தெரியாது என்றும், தம் செயல்முறையைத் தரையிலும் மனத்திலும் தெளிவாக ஒழுங்குபடுத்தும் நினைவாற்றல் மட்டுமே அவரிடம் இருந்தது என்றும் வாரன் எழுதினார். வாரன் இதைக் குறையாகவே குறித்தார் என்று தோன்றுகின்றது. கணித்தலின் இயல்பை ஆராய்பவர்க்கோ இதைவிடச் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

அம்முறை இயங்கும் வகையைச் சற்று விளக்குதல் தகும். சந்திரன் புவிக்கு மிக அருகில் வந்து, மீண்டும் அதே நிலைக்கு வருவதற்கு ஏறத்தாழ 27.55 நாள் ஆகும். இத்தகைய 9 சுற்றுகள் ஏறத்தாழ 248 நாளுக்குச் சமம். ஆகவே 248 நாளுக்கும் ஒவ்வொரு வாக்கியம் அமைத்து, வாக்கியத்தின் எழுத்துகளுக்குள் அந்நாளின் சந்திர நிலையை எண்ணாக மறைத்து வைத்தனர். வாக்கியப் பஞ்சாங்கம் என்னும் பெயர் இதனால் வந்ததே. கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாள்களின் தொகையிலிருந்து குறித்த ஓர் எண்ணைக் கழித்து, எஞ்சியதை 12,372ஆலும், அதன் மீதியை 3,031ஆலும், அதன் மீதியை 248ஆலும் வகுத்தால், இறுதியில் நிற்கும் மீதி எத்தனையாவது வாக்கியத்தை ஓத வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். 3,031 நாள் 110 சுற்றுகளுக்கும், 12,372 நாள் 449 சுற்றுகளுக்கும் மிக நெருங்கியவை. இவ்வெண்களை ஏன் தேர்ந்தனர் என்பது வானியலறிஞன் அறிய வேண்டியது. கணிப்பவன் அறிய வேண்டியது வகுத்து மீதி காண்பது மட்டுமே. அதற்குச் சோழி போதும்.

சோழிக்கும் சந்திரனுக்கும் இயற்கையான உறவு எதுவுமில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. சோழிக்கு மாற்றாகக் கூழாங்கல்லோ புளியங்கொட்டையோ வைத்தாலும் விடை மாறாது. ஈப்போவின் பழைய சீனக் கடைகளில் ஈயத்திற்கும் அரிசிக்கும் கணக்குப் பார்த்த மணிச்சட்டத்தின் மணிகளும் இத்தகையனவே. மணி மரத்தால் ஆனதா எலும்பால் ஆனதா என்பதைக் கணக்கு கேட்பதில்லை. எப்பொருளில் நிகழ்ந்தாலும் விதி ஒன்றே என்னும் இத்தன்மையைக் கணித்தலின் இலக்கணமாகக் கொள்பவர்கள் உண்டு. 2015ஆம் ஆண்டு இப்பொருள் பற்றி விரிவான நூலெழுதிய குவால்டியெரோ பிச்சினினி அவர்களுள் ஒருவர்.

சுவர் கணிக்குமா?

இனி மெய்யியலாளர் எழுப்பிய இடர்ப்பாட்டிற்கு வருவோம். ஒரு பொருளின் நிலைகளை எண்களாகக் கருதிக்கொண்டு, அந்நிலைகள் மாறும் முறையை ஒரு கணக்காக வாசிப்பதே கணித்தல் என்றால், எப்பொருளையும் எக்கணக்காகவும் வாசித்துவிடலாமே என்று 1988ஆம் ஆண்டில் ஹிலரி பட்னம் வாதிட்டார். இரண்டாண்டுகளுக்குப் பின் ஜான் சேர்ல் அதனை இன்னும் கூர்மையாக்கினார். தம் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரின் எண்ணிறந்த மூலக்கூறுகளின் அசைவில், வேர்ட்ஸ்டார் என்னும் எழுத்துச் செயலியின் அமைப்போடு ஒத்துப்போகும் ஏதேனும் ஓர் ஒழுங்கு கிடைத்தே தீரும்; அவ்வாறாயின் அச்சுவரும் ஒரு கணினியே என்று ஒப்ப வேண்டிவரும் என்றார். கணித்தல் என்பது பொருளில் இருப்பதன்று, பார்ப்பவர் அதன்மேல் ஏற்றுவது என்பது அவர் முடிவு.

இதற்கு டேவிட் சாமர்ஸ் 1996ஆம் ஆண்டில் கூறிய மறுமொழி புதுச்சேரிச் சோழிக்கு நன்கு பொருந்துகின்றது. நிகழ்ந்து முடிந்த ஓர் அசைவுக்குப் பின்னிருந்து பொருள் கற்பித்தல் எவருக்கும் எளிது. நிகழாதவற்றுக்கும் அப்பொருள் ஈடு கொடுக்குமா என்பதே சோதனை. அக்கணிதரிடம் வாரன் வேறொரு நாளின் கிரகணத்தைக் கேட்டிருந்தால் சோழிகள் வேறு விதமாக அமைந்திருக்கும். அவ்வமைப்பும் அதே விதிக்கு உட்பட்டிருக்கும். சுவருக்கு அந்த ஈடு இல்லை. வேறு கேள்வியைச் சுவரிடம் கேட்பதற்கு வழியே இல்லை. கேட்டாலும் மூலக்கூறுகள் தம் வழியில் அசையும். நாம் நம் வாசிப்பை மீண்டும் புதிதாகக் கற்பித்துக்கொள்ள நேரும்.

ஆனால் விதிக்குட்பட்ட அசைவு மட்டும் போதுமா? போதாது என்றே நாம் கருதுகின்றோம். கோலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் இராணி சிரோமணியும் அவர்தம் குழுவினரும் 1970களில் கோலங்களை ஆராய்ந்து, அவற்றின் வளர்ச்சியைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக வரைந்து காட்டினர். அவ்விதிகள் உண்மையானவை, புள்ளி தவறினால் கோலம் தவறும், போட்டவரே அதை அழித்துத் திருத்துவார். எனினும் கோலம் வேறொன்றைப் பற்றிய விடையாக நிற்பதில்லை. தோட்ட லயத்தின் வாசலில் காலையில் போட்ட கோலத்தைப் பார்த்து எவரும் எதையும் கூட்டி எடுத்துச் செல்வதில்லை. சோழியின் இறுதி அடுக்கோ கிரகணத்தின் நேரம் என வாசிக்கப்படுகின்றது, வானத்தோடு ஒப்பிடப்படுகின்றது, 52 நிமிடம் பிழை என்று சொல்லப்படுகின்றது. பிழை என்று சொல்ல இடமிருப்பதே அதனைக் கணிப்பாக்குகின்றது.

இங்கு வாசிக்கும் மரபு என்பது சிறு செய்தியன்று. மலேசியத் தமிழர் அறிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம். 1982ஆம் ஆண்டு சனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரைமணி முன்னகர்த்தப்பட்டது. சூரியனும் மாறவில்லை, கணிதமும் மாறவில்லை. ஆயினும் இராகுகாலம் கடிகாரத்தில் அரைமணி தள்ளிப் போயிற்று. காலை 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாகக் கொண்டு அச்சிட்ட பட்டியலை இன்று ஈப்போவில் அப்படியே பின்பற்றினால் ஒரு மணிநேரத்திற்கு மேல் தவறு நேரும். அங்குச் சூரியன் உதிப்பது 7 மணியையொட்டியோ அதற்குப் பின்னரோதான். வாக்கியமா திருக்கணிதமா என்று நம் கோயில்களில் எழும் வழக்கு இதனினும் பழையது, தனியே எழுதத்தக்கது. கணிக்கும் பொருள் ஒருபுறம், அதை வாசிக்கும் உடன்பாடு மறுபுறம். இரண்டும் சேர்ந்தே விடை பிறக்கின்றது என்பதே இங்கு நாம் கொள்ள வேண்டியது. 2014ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் டொமினிக் ஹார்ஸ்மனும் அவருடன் மூவரும் எழுதிய கட்டுரையும் இதனையே வலியுறுத்துகின்றது. கணக்கைப் பொருளில் ஏற்றவும், பொருளிலிருந்து விடையை இறக்கவும் ஒருவர் வேண்டும். அவ்வாறு ஏற்றி இறக்குபவர் இல்லாத இடத்தில் கணித்தல் இல்லை என்பது அவர்தம் கொள்கை. அந்த ஒருவர் யார் என்பதை அக்கட்டுரை பேசவில்லை. அதைப் பேச நமக்குத் தோட்டம் வேண்டும்.

பால் நிறுக்கும் கொட்டகை

தோட்டத்தின் நாள் பெரட்டில் தொடங்கியது. விடியுமுன் ஆள் எண்ணிச் செக்ரோலில் பெயர் பதிந்த பின், பால்வெட்டுத் தொழிலாளர் தத்தம் நிரைக்குச் சென்றனர். மரத்தை உளியால் சீவி, மங்கில் வடிந்த பாலை முற்பகலில் சேர்த்து, காண்டாவில் வாளி மாட்டிச் சுமந்து பால் நிறுக்கும் கொட்டகைக்கு வந்தனர். அங்குக் கிராணி இருந்தார், தராசு இருந்தது, பல தோட்டங்களில் மெட்ரோலாக் என்னும் கண்ணாடி மிதவைமானியும் இருந்தது.

மரத்திலிருந்து வரும் பால் முழுவதும் இரப்பர் அன்று. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உலர்ந்த இரப்பராகத் தேறும்; எஞ்சியதில் பெரும்பகுதி நீர். மரத்தின் வகை, பருவம், வெட்டின் இடைவெளி, இலையுதிர் காலம், மழை ஆகியவற்றுக்கேற்ப இப்பங்கு மாறும். தோட்டத்திற்கு வருவாய் உலர்ந்த இரப்பராலேயே கிடைப்பதால் ஒவ்வொருவர் வாளியிலும் அது எவ்வளவு என்று காண வேண்டியதாயிற்று. சரியான வழி ஒன்று உண்டு. பாலில் சிறிது எடுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி நீரை நீக்கி, உலர்த்தி நிறுத்துப் பார்க்கலாம். ஆனால் அதற்கு நாள் கணக்கில் ஆகும். வாளியோடு வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் அவ்வாறு செய்ய இயலாது.

மிதவைமானி இதனைச் சில நொடிகளில் முடித்தது. இரப்பர்த் துகள் நீரைவிட இலேசானது. அதன் அடர்த்தி ஏறத்தாழ 0.91. துகள் மிதக்கும் நீர்மமோ நீரைவிடச் சற்றே கனமானது. எனவே இரப்பர் மிகுதியாக உள்ள பால் இலேசாகும். மிதவை அதில் ஆழ்ந்து அமிழும். மிதவையின் தண்டில் இட்டுள்ள கோடுகள் ஒரு கேலன் பாலில் எத்தனை இறாத்தல் உலர்ந்த இரப்பர் என்பதைக் காட்டும். தனிப்பால் தடித்து, மிதவையை எளிதில் அசையவிடாது என்பதால் ஒரு பங்கு பாலுடன் இரு பங்கு நீர் சேர்த்து, வரும் அளவை மூன்றால் பெருக்குவது வழக்கம். அவ்வளவைப் பாலின் கொள்ளளவால் பெருக்கினால் அன்றைய கணக்கு முடிந்தது.

நமக்குத் தோன்றும் முதல் வினா, இம்மிதவை கணிக்கின்றதா என்பது. பிச்சினினியின் அளவுகோலால் பார்த்தால் இல்லை என்றே கூற வேண்டும். சோழிக்குப் பதில் கூழாங்கல் வைக்கலாம். பாலுக்குப் பதில் வேறு நீர்மத்தை வைத்து மிதவையிடம் பாலின் கணக்கைக் கேட்க முடியாது. அது பொருளின் ஓர் இயல்பைத் தொட்டுக் காட்டும் அளவுகருவி. ஆனால் கொட்டகை முழுவதையும் ஓர் அமைப்பாக எடுத்துக்கொண்டால் நிலை வேறாகின்றது. மிதவை தந்த கோடு எண்ணாகின்றது. எண் மூன்றால் பெருகுகின்றது. கொள்ளளவால் மீண்டும் பெருகுகின்றது. செக்ரோலின் கட்டத்தில் ஏறுகின்றது. மாத முடிவில் கூட்டப்பட்டு, இரப்பர் விலையோடு இணைந்த விகிதத்தால் பெருகிக் கூலியாகின்றது. முதற்படியைத் தவிர மற்ற எல்லாப் படிகளும் சோழிக் கணக்கைப் போன்றவை. தாளிலோ மணிச்சட்டத்திலோ மனத்திலோ எதில் செய்தாலும் ஒன்றே. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954ஆம் ஆண்டு அமைந்த பின் ஏற்பட்ட கூட்டு ஒப்பந்தங்களில், எடைக்கேற்ற ஊதியமும் விலைக்கேற்ற படியும் இடம்பெற்றபோது, இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு குடும்பத்தின் அடுப்போடு நேராகக் கட்டப்பட்டது.

இதில் மனிதர் செய்த பணியையும் நோக்குதல் வேண்டும். மூன்றால் ஏன் பெருக்குகிறோம் என்பது கிராணிக்குத் தெரிந்திருக்கலாம். பாலின் வெப்பநிலை மாறினால் அளவு ஏன் மாறும், மரவகைக்கு மரவகை கோடு ஏன் பிசகும் என்பன தெரியாமலும் இருக்கலாம். தெரியாவிட்டாலும் கணக்கு நடந்தது. சேர்ல் 1980ஆம் ஆண்டில் தம் 'சீன அறை' வாதத்தில் கற்பனை செய்த, பொருள் அறியாது விதியை மட்டும் பின்பற்றும் ஆளை 1825லேயே வாரன் புதுச்சேரியில் நேரில் கண்டார்; பேராக்கின் தோட்டங்களிலோ அத்தகையோர் நாள்தோறும் வேலை செய்தனர். அமைப்பின் எந்தத் தனியுறுப்புக்கும் முழுப் பொருளும் தெரிய வேண்டியதில்லை என்பது கணினி யுகத்தில் புதிதாய்க் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியன்று.

நீரும் பிழையும்

தொழிலாளர் பாலில் நீர் கலப்பர் என்னும் ஐயம் தோட்ட நிருவாகத்திடம் என்றும் இருந்தது. பாலை அதன் கொள்ளளவால் மட்டும் கணக்கிடும் இடத்தில் இந்த ஐயத்திற்குப் பொருளுண்டு. மிதவைமானியைக் கொண்டு கணக்கிடும் இடத்தில் இல்லை. நீர் கலந்தால் கொள்ளளவு கூடும். ஒரு கேலனுக்கான இரப்பர் அதே விகிதத்தில் குறையும். இரண்டையும் பெருக்கினால் வருவது பழைய எண்ணே. மங்கில் விழுந்த மழைநீருக்கும் இது பொருந்தும். முறையாகச் செய்யப்பட்ட கணக்கு, வாளியில் எவ்வளவு நீர் சேர்ந்தது, எப்படிச் சேர்ந்தது என்பதைப் பொருட்படுத்துவதே இல்லை. தராசைவிட மிதவைமானி தொழிலாளருக்கு நேர்மையானது என்று இதனால் ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மையும் உண்டு.

ஆனால் அதே கருவியில் மற்றொரு தன்மையும் இருந்தது. ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 5 கேலன் பால் கொண்டுவருகின்றார். நீர் சேர்த்த மாதிரியில் மிதவை 1.0 என்னும் கோட்டில் நிற்கின்றது. மூன்றால் பெருக்கினால் கேலனுக்கு 3 இறாத்தல். மொத்தம் 15 இறாத்தல். மேலே நுரை நிற்பதாலோ, கண்ணை நீர்மட்டத்திற்கு நேரே தாழ்த்தாததாலோ, அதனை 0.9 என வாசித்தால் கேலனுக்கு 2.7, மொத்தம் 13.5. ஒரு கோட்டின் பிசகு ஒன்றரை இறாத்தலாகின்றது. நீர் சேர்த்து மிதவையை எளிதாக்கிய அதே செயல், வாசிப்புப் பிழையையும் மூன்று மடங்காக்குகின்றது. இதில் எவருடைய வஞ்சகமும் வேண்டியதில்லை. வெயில் ஏறிய கொட்டகையில் நீண்ட வரிசையை விரைந்து முடிக்க விரும்பும் நல்ல கிராணியே போதும்.

சாமர்ஸ் சொன்ன சோதனையில் இந்த அமைப்பு தேறுகின்றது; வேறு வாளி வந்தால் வேறு விடை வரும். ஹார்ஸ்மன் குழுவினர் கேட்ட ஏற்றி இறக்குபவரும் இங்கு இருக்கின்றார். பிழை என்று சொல்வதற்கான உரைகல்லும் இருக்கின்றது. உறையவைத்து உலர்த்திய மாதிரியே அது. ஆயினும் புதுச்சேரிக் கணிப்புக்கும் இதற்கும் இடையே ஒரு வேறுபாடு நிற்கின்றது. அங்கு உரைகல்லாக நின்றது வானம். கிரகணம் எப்போது விட்டது என்பதை வாரனும் பார்க்கலாம், கணிதரும் பார்க்கலாம், தெருவில் நின்றவரும் பார்க்கலாம். 52 நிமிடப் பிழை எல்லார்க்கும் பொதுவான பிழை. இங்கோ உலர்ந்த மாதிரி தொழிற்கூடத்திற்குள் இருந்தது. கோட்டை வாசித்தவர் ஒருவர். அந்த எண்ணால் உண்பவர் மற்றொருவர். இரண்டாமவர் பெரும்பாலும் மிதவைக்கு மறுபக்கத்தில், வாளியோடு நின்றார்.

மெய்யியலாளர் 'பயன்படுத்துநர்' என்று ஒருமையில் எழுதுவதன் குறைபாடு இங்கேதான் புலப்படுகின்றது. ஒரு கணிக்கும் அமைப்புக்குப் பயன்படுத்துநர் இருவராக இருக்கலாம். அவர்கள் வேண்டும் விடை ஒன்றாகவே இருந்தாலும் அவ்விடையைச் சோதிக்கும் வாய்ப்பு சமமாக இராது. அப்போது அமைப்பு கணிக்கவில்லை என்று கூறிவிட முடியாது, அது மிகையாகும். அது ஒருவருக்குக் கணிப்பாகவும் மற்றவருக்கு வெறும் நிகழ்வாகவும் அமைகின்றது என்று கூறலாம். எண்ணை எதிர்த்துக் கேட்க வழியற்றவர்க்கு அவ்வெண் மழையையும் வெயிலையும் போல வந்து சேர்கின்றது. மழையைப் பிழை என்று எவரும் சொல்வதில்லை. கூலிக் கணக்கை எதிர்த்துக் கேட்கும் முறையைத் தொழிற்சங்கம் வகுத்துத் தந்தபோது, கூலி உயர்ந்ததோடு மற்றொன்றும் நிகழ்ந்தது. தொழிலாளியும் அவ்வமைப்பின் விடையை வாசிப்பவர் ஆனார். தொழிற்சங்க வரலாற்றை இந்தக் கோணத்திலிருந்தும் எழுதலாம் என்று நாம் கருதுகின்றோம்.

சேர்லின் சுவருக்கு மாறாக வேறொரு சுவரையும் இங்கு நினைவுகூர்தல் தகும். எருமைப்பாலோ பசும்பாலோ வாங்கும் தமிழர் வீடுகளில், நாள்தோறும் எத்தனை படி என்பதைச் சுவரில் சுண்ணாம்புப் புள்ளியாகவோ கரிக்கோடாகவோ இட்டு வைப்பது நாம் நன்கறிந்த பழக்கம். சேர்லின் சுவரில் எந்தக் கணக்கையும் வாசித்துவிடலாம். அதனாலேயே அது எதையும் கணிப்பதில்லை. இந்தச் சுவரிலோ ஒரே ஒரு கணக்கே உண்டு. ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் பால்காரரும் வீட்டுக்காரரும் அச்சுவரின் முன்னின்றே வழக்காடுவர்; இருவரும் அதனை வாசிக்க வல்லவர். எழுத்தறியாதவரும் அதற்கு விலக்கன்று.

பேராக்கின் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. எனினும் பால் வெட்டிய தலைமுறையினர் பலர் சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவின் புறநகரங்களிலும் இன்றும் வாழ்கின்றனர். வாய்மொழி வரலாறு திரட்டச் செல்லும் மாணவர்கள் அவர்களிடம் நாட்கூலி எவ்வளவு என்று கேட்பதோடு, கொட்டகையில் மிதவையின் கோட்டை யார் வாசித்தார், வாசித்த எண் உரக்கச் சொல்லப்பட்டதா, வீட்டில் தனிக்கணக்கு வைத்திருந்தீர்களா என்றும் கேட்டுப் பதிதல் வேண்டும். செக்ரோல் ஏடுகள் நிறுவனங்களின் காப்பகங்களில் கிடைக்கக்கூடும். இக்கேள்விகளுக்கான விடை அவ்வேடுகளின் எக்கட்டத்திலும் எழுதப்படவில்லை.